மிராசுதார் பார்க்க மென்ற வெற்றிலை

விபூதியைத் தின்றால் புற்றுநோய் ஆறிவிடும் என்று ஒருவன் சொன்னால் சிரிக்கிறீர்கள் அல்லவா? அதே ஆள் விபூதி என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாலிபினால் என்று வைத்துச் சொன்னால் மட்டும் ஏன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களையும் என்னையும்விடப் பெரிய பகுத்தறிவுவாதி ஒருவரே இந்த இடத்தில்தான் வழுக்கி விழுந்தார். கும்பகோணத்துக்கு மேற்கே குடமுருட்டிக் கரையில், மடத்து நிலத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குஞ்சிதபாதம்தான் அவர்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். தில்லை நடராசனின் தூக்கிய காலைப் பெயராகச் சுமந்துகொண்டு, கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். வாலிபத்தில் அறிவழகன் என்று பெயரை மாற்றித் துண்டறிக்கையிலெல்லாம் அச்சடித்துப் பார்த்தார். ஊர் அந்தப் பெயரைச் சீண்டவே இல்லை. அறிவழகன் வீடு எது என்று தேடி வந்த வெளியூர்த் தோழர் ஒருவரை, அப்படி ஒருத்தர் இந்தத் தெருவில் கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள் வேறு யாருமல்ல, அவர் மனைவி பொன்னுத்தாய்.

அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய அப்பா பண்ணையாள். அந்தக் காலத்தில் மிராசுதாரின் குடை தூரத்தில் தெரிந்தாலே தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். வாயில் இருக்கும் வெற்றிலை வெளியே வர வேண்டும். அப்பொழுதுதான் போட்ட வெற்றிலையாக இருந்தாலும் அப்பா வரப்பில் துப்புவார். துப்பிய கறைகூட அந்தப் பெரிய மனிதரின் கண்ணில் படக் கூடாது என்று காலால் மண்ணைத் தள்ளி மூடுவார். இதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளை குஞ்சிதபாதம்.

மேலே ஆட்சி மாறியது. அது வரப்புக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. கூலி நெல்லுக்கும் குத்தகைக்கும் கீழத் தஞ்சை எங்கும் சண்டை நடந்துகொண்டிருந்த வருடம் ஒன்றில், களத்தில் பொலி நெல்லை அளக்க மிராசுதார் வந்து நின்றார். இளவட்டமான குஞ்சிதபாதம் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். நரம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பை நிதானமாகத் தடவினார். சீவலைச் சேர்த்து மடித்து வாயில் போட்டு, மிராசுதாரின் முகத்தைப் பார்த்தபடியே மென்றார்.

“என்னடா வாயில?”

“வெத்தலைங்க. ஒங்களுக்கும் மடிச்சுத் தரட்டுங்களா?”

களத்தில் இருந்த மாடுகள்கூட நின்றுவிட்டன என்று இன்றைக்கும் சொல்வார்கள். மாடுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே குஞ்சிதபாதத்தின் குடிசைக் கூரையை மிராசுதாரின் ஆட்கள் பிரித்துப் போட்டது மட்டும் உண்மை. மறுநாள் அந்தக் களத்தில் ஒருவரும் வெற்றிலையைத் துப்பவில்லை என்பதும் உண்மை.

அப்படி வென்றெடுத்த வெற்றிலையை அவர் எப்படி விடுவார்? வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, போகப் போக ஒரு கிள்ளு புகையிலையும் சேர்ந்துகொண்டது. பிறகு குத்தகைதாரர்களைப் பதியும் சட்டம் வந்து, மடத்து நிலத்தில் ஒரு துண்டுக்கு அவர் பெயர் ஏறியபோது, நெல்லைப் போடாமல் அகத்தியை நட்டு அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றினார். தானே விளைவித்துத் தானே மென்றார். இன்னொரு கொள்கையும் வைத்திருந்தார். வெற்றிலை பாக்கு வைத்து யார் அழைத்தாலும் தட்டமாட்டார்; இதை மேடையில் மைக்கிலேயே சொல்வார். தன் அப்பாவைத் தெருமுனையில் நின்று சத்தம் போட்டுக் கூப்பிட்டார்களே தவிர, ஒருவரும் தட்டெடுத்து வந்து அழைத்ததில்லை என்ற ஆற்றாமை. எதிர்க்கட்சிக்காரன் வீட்டுக் காதுகுத்து என்றாலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்து, காது குத்துவது மூடநம்பிக்கை என்று பக்கத்து இலைக்காரரிடம் பேசிவிட்டு வருவார்.

அவருடைய புகழுக்குக் காரணம் ஒரு கேள்வி. எந்த நோயையும் தீர்க்கும் விபூதிப் பொட்டலத்தோடு ஒரு சாமியார் ஊருக்குள் வந்து கடை விரித்தபோது, கூட்டத்துக்கு நடுவில் எழுந்து கேட்டார்:

“இதைத் தின்னவங்க எத்தனை பேரு? அதுல தேறினவங்க எத்தனை? தின்னாமலே தேறினவங்க எத்தனை? இந்த மூணையும் சொல்லிட்டு அப்புறம் கைய நீட்டுங்க.”

சாமியார் அடுத்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போனார். அதிலிருந்து தாயத்துக்காரன், ஜோசியக்காரன், போலி வைத்தியன் யார் வந்தாலும் ஊர்ப் பிள்ளைகள்கூட இந்தக் கேள்வியைப் பாட்டு மாதிரி ஒப்பித்தார்கள்.

அப்படிப்பட்டவரை விழ வைத்தது ஒரு கலர் டிவி. அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த டிவி. தன் கட்சி ஆட்சி கொடுத்தது என்பதால், அதில் பேசுகிறவர்கள் எல்லாரும் தூரத்துச் சொந்தம் போலவே அவருக்குத் தோன்றும். ராசிபலன் வரும்போது மட்டும் எழுந்து போய் அணைத்துவிடுவார். ஒரு நாள் காலையில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒருவர் கையில் ஒரு வெற்றிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: இதில் பாலிபினால் என்ற சத்து இருக்கிறது, மஞ்சளிலும் தேயிலையிலும் இருப்பது போன்றது, ஆய்வுக்கூடத்தில் இது புற்றுநோய் அணுக்களைக் கொல்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

குஞ்சிதபாதம் எழுந்தே நின்றுவிட்டார்.

“ஏ பொன்னு! இங்க ஓடியா. நம்ம கொடிக்கால்ல கேன்சர் மருந்துல்ல காய்க்குது!”

“வெத்தலை எங்கங்க காய்க்குது? கொழுந்துல்ல விடும்” என்றாள் பொன்னுத்தாய், அடுப்படியை விட்டு வராமலே.

எத்தனை பேர் தின்றார்கள், எத்தனை பேர் தேறினார்கள், தின்னாமல் தேறியது எத்தனை என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

அடுத்த வாரமே பெயிண்டரைப் பிடித்து ஒரு பலகை எழுதி, கடைத்தெருவில் தன் வெற்றிலைக் கூடைக்கு மேலே மாட்டினார்: ‘பாலிபினால் நிறைந்த கொழுந்து வெற்றிலை. புற்றுநோயை விரட்டும்.’ அவரைப் போலவே மடத்து நிலத்தில் குத்தகை செய்யும் கூட்டாளி ஐயாவு அந்த வழியாக வந்தார். நெற்றி நிறைய விபூதி பூசும் மனிதர். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“என்ன மச்சான், நீயும் பொட்டலம் மடிக்க ஆரம்பிச்சிட்டியா?”

“இது விஞ்ஞானம்டா. ஆராய்ச்சி பண்ணிச் சொல்றான்.”

“அன்னைக்கு அந்தச் சாமியாருக்கு ஒரு மைக்ராஸ்கோப்பு வாங்கிக் குடுத்திருந்தா அவரும் இங்கயே பொழச்சிருப்பாரு. பாவம், பஸ் ஏத்தி விட்டுட்டியே.”

குஞ்சிதபாதம் இன்னொரு வெற்றிலையை மடித்தார். முன்பு சாப்பாட்டுக்கு முன்னாலாவது வாய்க்கு ஓய்வு கொடுத்தவர் இப்போது அப்போதும் போட்டார். பாலிபினாலைத் தனியாக அனுப்ப மனமில்லையோ என்னவோ, துணைக்குச் சீவலும் புகையிலையும் கூடவே போயின. கொடிக்காலில் வேலை செய்யும் பெண்களிடமும் தாராளமாகப் போடச் சொன்னார். அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தில் நடவுக்கு இறங்கும் பெண்கள் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்குவது பசி தெரியாமல் இருக்கத்தான். அந்தப் பசிக்குக் காரணமானவர்கள் ஒரு தலைமுறையாவது குனிந்து அந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பார்களா?

முதலில் கவனித்தது பொன்னுத்தாய்தான். குழம்பில் மிளகாய் கூடிவிட்டது என்று குறை சொல்லத் தொடங்கினார் மனிதர்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அதே கை, அதே மொளகா. இப்ப மட்டும் என்ன?”

பிறகு இட்லியைப் பொடிப்பொடியாகப் பிட்டுத் தின்றார். ஒரு நாள் கொட்டாவி விட்டபோது, அவர் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதை அவள் பார்த்தாள். தயிர்ச்சோற்றுப் பருக்கை என்று நினைத்து விரலை விட்டுத் துடைத்தாள். வரவில்லை. துணியால் துடைத்தாள். அப்பொழுதும் வரவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்க.”

“எதுக்கு? மருந்து வாயிலயே கெடக்கு. அதுவுமில்லாம மடத்து வெவகாரம் முடியட்டும்.”

மடத்து விவகாரம் சாதாரணமானதல்ல. குத்தகைதாரர்கள் எல்லாரும் நிலத்தைக் காலி செய்ய வேண்டும் என்று மடத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. வெயிலில் காய்ந்தும் சேற்றில் உழன்றும் மண்ணைப் பொன்னாக்கியவனுக்கு ஒரு துண்டுக் காகிதம். வரப்பில் கால் வைக்காதவனுக்கு நிலம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தாலுக்கா ஆபீஸ் வாசலில் ஆர்ப்பாட்டம் என்று குத்தகைதாரர் சங்கம் முடிவெடுத்தது. முழக்கம் போடக் குஞ்சிதபாதத்தை விட்டால் ஆள் ஏது? அவர் குரலெடுத்தால் குடமுருட்டியின் அக்கரையில் மேயும் ஆடு திரும்பிப் பார்க்கும்.

அன்றைக்கு வெயில் சுட்டெரித்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து சனம் கொடியோடு வந்து குவிந்தது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவர் மரியாதைக்காக வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் மேடை ஏறினார். மூச்சை இழுத்து முழக்கத்தைத் தொடங்கினார். குரல் இருந்தது. வாய் திறக்கவில்லை. பானைக்குள் இருந்து யாரோ பேசுவதைப் போல ஒரு சத்தம் மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. இன்னொரு முறை முயன்றார். தாடை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், கேலியாகக்கூட இல்லை, பிரியமாகத்தான்:

“அண்ணே, துப்பிட்டுச் சொல்லுங்கண்ணே!”

கூட்டம் சிரித்தது. குஞ்சிதபாதமும் சிரிக்கப் பார்த்தார். வாயில் துப்புவதற்கு ஒன்றுமில்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எந்த ஆண்டைக்காகவும் துப்பாத மனிதர் மைக்கை ஐயாவுவிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

மறுநாள் விடிந்ததும் கொடிக்காலுக்குப் போய் இலை கிள்ளிக்கொண்டிருந்தார். அகத்தி நிழலில் யாரோ வரும் அரவம். திரும்பினால் பொன்னுத்தாய். கண்டாங்கிச் சேலையைக் கொசுவம் வைத்து ஒழுங்காகக் கட்டி, தலையில் பூ வைத்து, கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, இரண்டு வாழைப்பழம். கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் நிற்பதைப் போல நேராக நின்று தட்டை நீட்டினாள்.

“யாரு வீட்டு விசேசம்?” என்றார், வழக்கமான ஆவலோடு.

“நம்ம வீட்டுதுதான். நாளைக்குக் காலையில கும்பகோணம் பெரியாஸ்பத்திரில, பல் டாக்டரு ரூம்ல. அவசியம் வந்து நடத்திக் கொடுக்கணும்.”

“ஏ, விளையாடாத.”

“வெத்தலை பாக்கு வெச்சு யார் கூப்புட்டாலும் தட்ட மாட்டேன்னு மைக்குல சொன்னது நீங்களா, வேற யாராவதா? நான் கூப்புட்டா மட்டும் தட்டுவீங்களோ?”

அவர் தட்டைப் பார்த்தார். அதைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

“பாலிபினாலு இருக்கு பொன்னு. ஒண்ணும் ஆகாது.”

“ஊருக்கெல்லாம் மூணு கேள்வி கேப்பீங்களே. அந்த டிவிக்காரன ஒண்ணாவது கேட்டீங்களா? இதத் தின்னு தேறுனவங்க எத்தனை பேரு? ஒங்க வாயில கெடக்கறது தேறுதா, வளருதா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த இலையின் நரம்பைக் கிள்ளினார். கிள்ளியதையே மறுபடி கிள்ளினார்.

“இத நான் சும்மா போடல பொன்னு. அது ஒனக்கே தெரியும். எங்கப்பா வரப்புல துப்புனத நான் பாத்திருக்கேன்.”

பொன்னுத்தாயின் குரல் அப்போதுதான் இறங்கியது.

“தெரியுங்க. ஆனா அந்த மிராசுதாரு செத்து எரிச்சுக் கரைச்சும் ஆச்சு. அவரு பேரன் அமெரிக்காவுல இருக்கானாம். நீங்க இன்னும் யாரப் பாத்து மென்னுக்கிட்டு இருக்கீங்க?”

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். வெற்றிலையை எடுக்கவில்லை. ஒரு வாழைப்பழத்தை உரித்து, வாய் திறந்த அளவுக்குப் பிட்டுப் போட்டுக்கொண்டார்.

பல் மருத்துவர் ஹமீதா பானு கூத்தாநல்லூர்க்காரர். சின்ன வயது. “வாங்கய்யா, உக்காருங்க. மூணு விரலச் சேத்து நிமுத்தி வாய்க்குள்ள விடுங்க பாப்போம்” என்றார். மூன்று எங்கே? இரண்டாவது விரல் பல்லில் இடித்தது. விளக்கை அடித்துக் கன்னத்தைப் பார்த்தவர், கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்.

குஞ்சிதபாதம் கடைசி முயற்சியாகப் பாலிபினாலைக் கிளப்பினார். மருத்துவர் சிரிக்கவில்லை.

“வெத்தலையில இருக்கறது உண்மைதான்யா. ஒரு கண்ணாடித் தட்டுல கேன்சர் செல்லப் போட்டு அது மேல இதை ஊத்துனா சாகுது. அதே தட்டுல துணி தொவைக்கற சவுக்காரத்தக் கரைச்சு ஊத்துனாலும்தான் சாகும். அதுக்காகச் சவுக்காரத்தத் தின்போமா? நாம தின்றதுல கொஞ்சம்தான் ரத்தத்துல சேருது. அதையும் ஈரல் உருமாத்திடுது. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. மனுசங்களுக்கு இது கேன்சரக் கொணமாக்குதுன்னு இன்னும் யாரும் காட்டல. ஆராய்ச்சி நடக்குது, நடக்கட்டும்.”

“அப்ப அது பொய்யா?”

“பொய்யில்ல. பாதி வழியில நிக்கிற உண்மை. இன்னொண்ணு சொல்லட்டுமா? பாக்குலயும் பாலிபினால் நெறய இருக்கு. வெத்தலையில இருக்கறத விட எக்கச்சக்கம். பாக்குல இருக்கற வேற சரக்கு கன்னத்துல நாரு நாரா சதைய வளக்குது. இந்தப் பாலிபினாலு அந்த நாரு கரையாம இறுக்கிப் பிடிக்குது. அதான் வாய் தொறக்கல. புகையிலையே இல்லாட்டியும் பாக்கு மட்டுமே புத்துநோயக் குடுக்கும்னு ஒலகம் பூரா ஒத்துக்கிட்டாச்சு. ஒங்களுக்குப் புகையிலையும் சேந்திருக்கு.”

குஞ்சிதபாதம் நாற்காலியில் சாய்ந்தார். தன் பலகையில் எழுதியிருந்த அதே சொல், தன் கன்னத்துக்குள்ளேயே உட்கார்ந்து தாடையைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. வாழ்நாளில் எத்தனையோ சாமியார்களிடம் சண்டை போட்டிருக்கிறார். தனக்குள் இருந்த சாமியாரை அன்றைக்குத்தான் பார்த்தார்.

“டாக்டரம்மா, இதெல்லாம் யார் சொன்னது? எத்தனை பேரப் பாத்துச் சொன்னாங்க?”

வாசலில் நின்ற பொன்னுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். ஹமீதா பானு மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்படிக் கேளுங்க. இத மொதல்லயே அந்த டிவியக் கேட்டிருந்தீங்கன்னா என் வேலை பாதி கொறஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு, யார் யாரை எந்தெந்த ஊரில் எப்படிப் பார்த்துச் சொன்னார்கள் என்று விளக்கத் தொடங்கினார். வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை அது நடந்தது.

சோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் இப்போதுதான் வேர் விடுகிறது. தஞ்சாவூரில் கன்னத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். இன்னும் சில மாதம் பாலிபினாலை நம்பியிருந்தால் தாடையையும் சேர்த்து எடுத்திருப்பார்கள் என்று சொன்னார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, நாளுக்கு நாள் ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைத் திறக்கப் பழகினார். அந்தக் குச்சிகளைச் சேர்த்துக் கொடுத்தது ஐயாவு. “ஒனக்காக இந்த வயசுல கப் ஐஸும் குச்சி ஐஸுமா தின்னு சளி புடிச்சிருக்கு மச்சான், சீக்கிரம் தொற” என்பார். மடத்து வழக்கு இன்னும் நடக்கிறது. முழக்கத்தை இப்போது ஐயாவு போடுகிறார், விபூதி நெற்றியோடு. குஞ்சிதபாதம் பக்கத்தில் நின்று அடியெடுத்துக் கொடுக்கிறார்.

அவர் இன்றும் வெற்றிலைதான் பயிரிடுகிறார். வெற்றிலைமேல் அவருக்குக் கோபமில்லை. பாக்கும் புகையிலையும் செய்த குற்றத்துக்கு அதை ஏன் தண்டிப்பது என்று கேட்பார். ஆனால் பலகையைக் கழற்றி மாட்டுத்தொழுவத்துக் கதவின் ஓட்டையை அடைத்துவிட்டார். கூடைக்கு முன்னால் யார் வந்து நின்றாலும், “வெத்தலை அப்புறம். மொதல்ல ஆ காட்டு” என்கிறார். வியாபாரம் குறைந்துவிட்டதாகப் பொன்னுத்தாய் அலுத்துக்கொள்கிறாள். தான் தாராளமாகப் போடச் சொன்ன கொடிக்கால் பெண்கள் எல்லாரையும் அவரே ஆட்டோ பிடித்து ஹமீதா பானுவிடம் கூட்டிப்போனார். அவர்களில் எல்லையம்மாளுக்கு வெள்ளைத் திட்டு இருந்தது. சரியான நேரத்தில் பார்த்துவிட்டார்கள். இப்போது அவளும் வேலைக்கு வருகிறவர்களை ஆ காட்டச் சொல்கிறாள்.

இதைப் படித்து முடித்ததும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி உங்கள் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். பாக்கோ புகையிலையோ போடுகிற ஒருவர் உங்கள் வீட்டில், வயலில், ஆபீஸில் இருந்தால் அவரையும் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் போகாவிட்டாலும், பழகிய மிளகாயே எரிந்தாலும், துடைத்தும் போகாத வெள்ளையோ சிவப்போ கண்ணில் பட்டாலும், டிவியைக் கேட்காதீர்கள், என்னையும் கேட்காதீர்கள். நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வரமாட்டேன் என்று அவர் முரண்டு பிடித்தால், தட்டெடுத்து வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். தட்டில் வாழைப்பழமும் இருக்கட்டும். அவர் அதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.